குட்டை நீரும் அதில் வாழும் பூச்சிகளும்
(மருதனார்மடத்தில் நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு நிகழ்த்திய பேச்சு)



மாரி மழை ஓய்ந்தபின் உங்கள் சுற்றாடலை நோக்குங்கள். வயலிலும் கேணியிலும் நீர் நிற்கும். கிணற்றடித் தொட்டியிலும், கல் அகழ்ந்த குழியிலும், வீசிய தகரத்திலும் நிற்கும். இவை யாவும் மழைநீரே. ஆயினும் அவற்றில் வாழும் பூச்சிகள் ஒன்றல்ல. நீர் எத்தனை நாள் நிற்கிறது, அதில் பூண்டு உண்டா, அது தூயதா என்பவற்றைப் பொறுத்தே எப்பூச்சி அங்கு குடியேறும் என்பது அமையும்.

முதலாவது, காலம். நம் நாட்டு வெப்பத்தில் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏழு முதல் பத்து நாள் போதும். நுளம்புக் குடம்பியைத் தின்னும் தும்பிக் குஞ்சுக்கோ, விரைவாய் வளரும் இனத்திலும், ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். ஆகவே இரு வாரத்தில் வற்றும் குழி நுளம்பை வளர்க்கும், தும்பியை வளர்க்காது. நெடுங்காலம் நீர் நிற்கும் கேணியில் தும்பிக் குஞ்சு, நீர்வண்டு, மீன் யாவும் சேர்ந்து நுளம்பை அடக்கும்.

இரண்டாவது, பூண்டும் தூய்மையும். கரையோரப் பூண்டு தும்பி முட்டையிடவும் அதன் குஞ்சு ஒதுங்கவும் உதவும். சாணமும் குப்பையும் அழுகும் நீரில் பிராணவாயு குன்றும். அங்கு தும்பிக் குஞ்சு மடியும். நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் நுளம்புக் குடம்பியோ பிழைக்கும்.

மூன்றாவது, பூச்சிநாசினி. தெளிகருவியைக் கேணியில் கழுவினால் தின்பனவும் தின்னப்படுவனவும் ஒருங்கே மடியும். பின்னர் விரைந்து பெருகுவது நுளம்பே. வயலிலும் இதே நிலைதான். நீர்மேல் ஓடும் சிறு பூச்சிகள், நெற்பயிரிலிருந்து தவறி விழும் கபிலநிறத் தத்திகளைத் தின்கின்றன. அவற்றை நாமே கொன்றால் தத்தி பெருகும். இதனை உணர்ந்தே இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

இதனைச் சிறு விடயமென எண்ணற்க. 1934இல் மழை பொய்த்து, தென்மேற்கு ஆறுகள் ஓட்டமின்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகி, 1934–35 மலேரியாக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியாவற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரில் கிணறுகளில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் தொட்டியும் நம் தோட்டத்தின் உயிர்நாடி என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டி, காய்ந்தும் உயிரோடிருக்கும்.
2. பயனற்ற குழிகளைத் தூர்க்குக; தகரம், சிரட்டைகளை அகற்றுக.
3. பாவியாத கிணற்றை வலையிட்டு மூடுக; அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குடம்பி தின்னும் மீன் விடுக.
4. கேணிக் கரைப் பூண்டை முற்றாக அழியாது, ஒரு பக்கமேனும் விட்டுவைக்க.
5. தெளிகருவியை நீர்நிலைகளில் கழுவற்க. வயலில் இறங்கிப் பூச்சிகளைப் பார்த்த பின்னரே மருந்து தேவையா எனத் தீர்மானிக்க.