ஜைத்தூன் எண்ணெய்: லேபிளில் எதைப் பார்க்கிறோம்?

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜைத்தூன் எண்ணெய்க்கு நம் வீடுகளில் தனி மரியாதை. குர்ஆனில் பெயர் வந்த மரம் ஆயிற்றே என்று, மற்ற எண்ணெய்க்குப் பேரம் பேசுகிற நாம் இதற்கு வாய் திறப்பதில்லை. கடையில் பாட்டிலை எடுத்ததும் ஊர்ப்பெயரைத் தேடுகிறோம். அடுத்து 'ஆர்கானிக்' என்ற சொல்லை. இரண்டும் இருந்துவிட்டால் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இத்தாலி என்ற பெயருக்கு உலகமெங்கும் மவுசு. ஆனால் அதிகம் உற்பத்தி செய்வது ஸ்பெயின்தான். ஸ்பெயின், கிரீஸ், துனீசியா எண்ணெய்களை வாங்கிக் கலந்து, இத்தாலியில் பாட்டிலில் அடைத்து அனுப்புவதும் நடக்கிறது. அது குற்றமில்லை; வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் 2009 ஜூலை முதல் எக்ஸ்ட்ரா விர்ஜின், விர்ஜின் வகைகளில் மூலநாட்டைக் குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. கலவை என்றால் கலவை என்றே எழுதியிருக்கும், பொடி எழுத்தில்.

ஃபலஸ்தீன் எண்ணெய் என்றால் நமக்கு விலை மட்டுமல்ல, மனமும் சேர்ந்து போகிறது. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் அறுவடையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அதே மண்ணில் ஆக்கிரமிப்புக் குடியிருப்புகளும் விளைவிக்கின்றன. அங்கிருந்து வரும் உணவுப் பொருளில் அதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே படத்தை நம்பாமல், தயாரித்தவர் யார், எந்த ஊர் என்று படியுங்கள்.

'ஆர்கானிக்' என்பது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்ததைச் சொல்லும். எண்ணெயின் தரத்தைச் சொல்லாது. தரத்தைச் சொல்வது வகைப் பெயர்: எக்ஸ்ட்ரா விர்ஜினில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாக்கில் லேசான கசப்பும் தொண்டையில் காரமும் இருந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது நல்ல அடையாளம்.

நம் பகுதியில் பச்சிளம் குழந்தைக்குத் தேய்க்கவென்று வாங்கும் பாட்டில்களில் 'பொமேஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிழிந்தெடுத்த பின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் விர்ஜின் எண்ணெய் சேர்த்தது அது. பொரிக்க ஆகும். எக்ஸ்ட்ரா விர்ஜினின் விலையை அதற்குக் கொடுக்கலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள பாட்டிலை எடுத்து வாருங்கள். பொடி எழுத்தைச் சேர்ந்து படித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.