கதவைத் தட்டுவது யார்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசப் போகிறார் என்றதும் சீனி வருத்தம், பிரஷர் என்று பயந்திருப்பீர்கள். சங்கத்தார் தந்த தலைப்பு வேறு. வீட்டிலிருக்கும் பெண்களும் பிள்ளைகளும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஸ்பிரிங்வெளியில் நின்று அதைப் பேசுவதென்றால் லயத்துக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் வழியே கிடையாது; இருப்பது ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பலமான தாழ்ப்பாள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியில் பூட்டுப் போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கள்ளனுக்குப் பயந்து செய்கிறோம். ஒரு லயத்தில் தீப்பிடித்தால் கூரை வழியே அடுத்தடுத்த காம்பராக்களுக்கு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது நமக்குத் தெரியாததா? பூட்டின திறப்பு கொழுந்து மலையில் அம்மாவின் இடுப்பில் இருக்கும். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விடுங்கள். பூட்டி மட்டும் வைக்காதீர்கள்.

இனி 2011 ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறோம். கிறீஸ் பூதம் என்றால் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் வரும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான் என்ற கதை மலைநாடு, கிழக்கு, புத்தளம், யாழ்ப்பாணம் என்று நாடெங்கும் பரவியது. பிடித்தால் வழுக்கும்படி எண்ணெய் பூசிக்கொண்டு வரும் கள்ளனைப் பற்றிய கதை பழையதுதான். அந்த ஆண்டு அது தொலைபேசியில் ஏறி லயம் லயமாகப் போனது. ஆண்கள் பொல்லோடும் கத்தியோடும் காவலிருந்தார்கள். பெண்கள் கொழுந்தெடுக்கப் போகவே தயங்கினார்கள். எங்களில் சிலர் அப்போது ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை செய்துகொண்டிருந்தோம். இருட்டில் ஓடிக் கானுக்குள் விழுந்தவர், கால் முறிந்தவர், பயத்தில் மயங்கிய கர்ப்பிணி என்று எல்லோரும் வந்தார்கள், பூதத்தைத் தவிர.

சிரிக்கலாம். ஆனால் நம்முடைய பதுளை மாவட்டத்திலேயே, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பூதமென்று சந்தேகித்து இரண்டு ஆண்களைக் கொன்றார்கள். அதே மாதம் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரும் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். சில இடங்களில் பெண்கள் நிஜமாகவே தாக்கப்பட்டதாக முறையிட்டார்கள். அவற்றையெல்லாம் கட்டுக்கதை என்று நாங்கள் தள்ளிவிடவில்லை. முறைப்பாட்டை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்ற கோபமும் அந்தப் பொல்லுகளில் இருந்தது. ஆனாலும் ஊருக்குப் புதியவன் என்பதற்காக ஒருவனை அடித்தால், அடுத்த முறை அந்தப் புதியவன் வேலை தேடிப் போன நம் தம்பியாக இருக்கலாம். 1983 ஜூலையில் பதுளை டவுனில் நம் கடைகள் எரிந்ததைப் பார்த்த அக்காமார் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கூட்டத்தின் கை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிறீஸ் பூசியவனுக்குக் கதவைச் சாத்தினோம், சரி. வெள்ளைச் சட்டை போட்டு, நல்ல தமிழ் பேசி, "பிள்ளையைக் கொழும்பில் நல்ல வீட்டில் விடுகிறேன், படிக்கவும் வைப்பார்கள்" என்று வருகிறவனை என்ன செய்தோம்? இஸ்தோப்பில் பாய் விரித்தோம். தேத்தண்ணி கொடுத்தோம். 2021 ஜூலையில், தரகர் மூலம் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தது. அந்தப் பிள்ளை வீட்டுக் கதவை யாரும் உடைக்கவில்லை. 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பது சட்டம். தரகர் லயத்துக்கு வந்தால் அது ஊருக்கே தெரியும். தெரிந்தவர் 1929க்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லலாம். வெளிநாட்டு வேலை என்று பாஸ்போட்டைக் கேட்டு வருகிறவரும், நகைக்கு மெருகு போடுகிறோம் என்று வருகிறவரும் இதே பாயில்தான் உட்காருகிறார்கள்.

இன்னொன்றையும் வைத்தியர்கள் என்ற முறையில் சொல்லாமல் போக முடியாது. 2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், கணவனிடமோ துணையிடமோ உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்திருந்தார். அவனுக்குத் தாழ்ப்பாள் உதவாது, அவன் வீட்டுக்காரன். "வழுக்கி விழுந்தேன் டொக்டர்" என்று வருகிற அக்காமாரின் காயத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் புரியும். 1938 என்பது பெண்களுக்கான உதவி இலக்கம். பெரிய அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் மித்துரு பியச என்ற நிலையம் இருக்கிறது. உள்ளே வந்து பேசுங்கள், உடனே பொலிசுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது இரவில் கதவு தட்டப்பட்டால் அம்மா திறக்கமாட்டார். முதலில் பக்கத்துக் காம்பராச் சுவரில் தட்டுவார். அங்கிருந்து அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். நிமிடத்தில் லயமே விழித்துவிடும். "யாரு?" என்ற கேள்வி பத்துக் குரலில் போகும். அடிதடி இல்லை, வந்தவர் பெயரைச் சொன்னால் போதும். இப்போது தனி வீடுகள் வந்துவிட்டன, மகிழ்ச்சிதான். ஆனால் சுவர் இல்லை. அதனால் பக்கத்து வீட்டு இலக்கம் இரண்டையும் 119ஐயும் போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். போனை அப்பா எடுத்துப் போன நேரத்தில் பிள்ளை பக்கத்து வீட்டுப் போனிலாவது அழைக்கும்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இரவில் ஒருத்தி டோர்ச் பிடிக்க மூன்று பேராகக் கக்கூசுக்குப் போன பாதையை நாங்கள் மறக்கவில்லை. எங்களுக்கு நிஜமான பயம் அந்தப் பாதையில்தான் இருந்தது, கதவில் இல்லை. பல லயங்களில் அது இன்னும் இருட்டாகவே கிடக்கிறது. நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டும் யோசனை இருப்பதாகக் கேள்வி. வளைவு அடுத்த வருடமும் கட்டலாம். வெளிநாட்டிலிருக்கும் நம் பழைய மாணவியர் அனுப்பும் பணத்தில் முதலில் அந்தப் பாதைகளுக்கு விளக்குப் போடுங்கள். எந்த லயத்தில் தொடங்குவது என்று கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.