ஒரு லிட்டர் என்றால் எத்தனை டம்ளர்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடிதமும் கட்டுரையும் எழுதப் பழக்குகிறோம். செய்முறைக் குறிப்பு எழுதப் பழக்குவது குறைவு. ஆனால், பள்ளியை விட்டுப் போனபின் பிள்ளைகள் கையில் அதிகம் வந்து சேர்வது அதுதான்: மருந்து உறை, உர மூட்டை, விண்ணப்பப் படிவம்.

ஏழாம் வகுப்பில் நான் எடுத்துக்கொண்டது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குப் பாட்டி கரைத்துக் கொடுக்கும்படி எழுதுங்கள் என்றேன். ஒரு மாணவி இப்படி எழுதினாள்: "கைகளைக் கழுவி, நீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, பொட்டலத்தைப் பிரித்து, தேவையான அளவு நீரில் கரைத்து, அவ்வப்போது கொடுக்கப்பட வேண்டும்."

இலக்கணப் பிழை இல்லை. தேர்வென்றால் முழு மதிப்பெண் போட்டுவிடுவோம். ஆனால், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர், அந்த வினையெச்சச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் நிற்கிறோம் என்று தேட வேண்டும். 'கொடுக்கப்பட வேண்டும்' என்றால் யார் கொடுப்பது? எல்லாவற்றிலும் மோசம் 'தேவையான அளவு'. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது. சிறியது 200 மி.லி.க்கானது. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து, குழந்தைக்குக் கேடாக முடியும்.

சரி, 'ஒரு லிட்டர்' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வீட்டு டம்ளர்களைக் கொண்டுவந்து அளந்தார்கள். ஒன்றில் 150 மி.லி., இன்னொன்றில் 300 மி.லி. பிடித்தது! 'ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்புங்கள். பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டுங்கள்' என்று மாற்றினார்கள். வாக்கியத்துக்கு ஒரு வேலை.

பிறகு சோதனை. நான்காம் வகுப்புப் பிள்ளை குறிப்பைப் படித்துச் செய்ய வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. (சர்க்கரையை வைத்துத்தான் செய்தோம், பொட்டலத்தை வீணாக்கவில்லை.) பிள்ளை தயங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. திருத்த வேண்டியது அந்த இடம். அங்கே என் சிவப்பு மைக்கு வேலையே இருக்கவில்லை.

எச்சரிக்கை எங்கே வர வேண்டும் என்பதும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது கடைசியில் வரலாம். பொட்டலத்தின் அளவைப் பார் என்பதோ பிரிக்கும் முன்பே வர வேண்டும். அறிவியல் ஆசிரியர்களுக்கு இது தெரியும். அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைச் செய்முறையின் அடியில் எழுதி என்ன பயன்?

பெற்றோருக்கு நாம் அனுப்பும் அறிவிப்புகளிலும் 'உரிய ஆவணங்களுடன்', 'குறித்த காலத்துக்குள்' என்றுதான் எழுதுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அப்படியொன்றை எடுத்து வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் இருவரை அழைத்துப் படிக்கச் சொல்வோம். பென்சில் நம் கையில் இருக்கட்டும்.