"வாங்க" என்று யார் சொன்னார்கள்?

நடுவர் அவர்களே! வெளிமாநிலத்துக்குப் பிழைக்கப் போனவன் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்ள அவன் முயற்சியே போதும் என்றார் எதிரணி நண்பர். "மொழியைக் கத்துக்கிட்டா ஊர் தன்னால ஏத்துக்கும்" என்றார். நான் கேட்கிறேன், சுவரோடு பேசியா மொழி கற்பது?

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், "வாடா முதலாளி, சாப்டியாடா?" என்றான். முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐயா, அவன் மரியாதை தெரியாதவனா? ஆறு மாதமாக அவனிடம் எல்லாரும் "வாடா, போடா, எடுடா"ன்னுதானே பேசினாங்க! ஒருத்தராவது "வாங்க தம்பி" என்றிருந்தால் அவனும் "வாங்க" என்றிருப்பானே! (கைதட்டல்)

இந்தியாவில் எங்கும் குடியிருக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. சொந்த ஊர் ரேஷன் அட்டையை வைத்து வேறு மாநிலத்தில் அரிசி வாங்கும் திட்டத்தில் 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. சரி, சட்டம் மாநிலத்தின் கதவைத் திறந்துவிட்டது. வாடகை வீட்டுக் கதவை யார் திறப்பது?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. பயந்துபோய்ச் சிலர் ரயிலேறினார்கள். அந்த ராத்திரியில் அவர்களுக்குத் தேவைப்பட்டது தமிழ் இலக்கணமா? "நாங்க இருக்கோம், பயப்படாதீங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்! மும்பை தாராவிக்குப் பிழைக்கப் போன நம்மவர்கள் எதிர்பார்த்ததும் அந்தக் குரலைத்தானே?

ஆகவே, வந்தவனை ஒட்ட வைப்பது ஊரார் மனமே என்று தீர்ப்பளியுங்கள்.