கடைசிப் பிள்ளையின் கைக்கு ஏற்ற படகு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் நீரைக் கடக்கும் கலத்திற்குப் பெயர்கள் பல. ஓடம், தோணி, அம்பி, புணை, வங்கம், நாவாய் என்னும் அப்பெயர்களை அடுக்கிப் பார்த்தாலே, ஆற்றுக்கு ஒன்று, கழிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று பிரித்தறிந்த மக்களின் தெளிவு புலப்படும். எந்த நீருக்கு எந்தக் கலம், அதில் ஏறுவோர் யார் என்னும் அந்தப் பழைய கேள்வியே, சிறு பிள்ளைகளை உடைய ஓர் இளங்குடும்பம் தன் முதற் பாய்மரப் படகைத் தேர்ந்தெடுக்கும்போதும் எழுகிறது.

பொழுதுபோக்குக்காகக் குடும்பங்கள் சிறு பாய்ப்படகு வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. ஆதலின் இவ்வுரையும் பெரும்பாலும் அந்நாட்டின் ஏரிகளையும் கழிமுகங்களையும் சுற்றியே அமைகிறது. அவ்வழக்கம் எளிய வீடுகளிலும் பரவியதில் ஒரு நாவலாசிரியருக்கும் ஒரு நாளேட்டுக்கும் பங்கு உண்டு என்பது இலக்கிய வட்டத்தார் கேட்டு மகிழத்தக்க செய்தியாகும்.

அந்நாவலாசிரியர் ஆர்தர் ரான்சம் (1884–1967). சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராக இருந்த எர்னஸ்ட் ஆல்டூனியன், 1928ஆம் ஆண்டுக் கோடையைத் தம் குடும்பத்துடன் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கழித்தார். பிள்ளைகளுக்காக ‘ஸ்வாலோ’, ‘மேவிஸ்’ என்னும் இரு சிறு படகுகள் வாங்கப்பெற்றன. குடும்ப நண்பரான ரான்சம் அப்பிள்ளைகளோடு படகில் பழகினார். அக்கோடையின் விளைச்சலே 1930இல் வெளிவந்த ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ என்னும் நாவல்.

நாவலில் ‘ஸ்வாலோ’ படகில் செல்லும் பிள்ளைகள் நால்வர். கடைசிப் பையன் ராஜருக்கு வயது ஏழு. பெரியவர் துணையின்றி ஏரித் தீவுக்குச் செல்ல அவர்கள் இசைவு கேட்கின்றனர். கடற்படை அதிகாரியான தந்தை தொலைவிலிருந்து தந்தி வழியே இசைவு தருகிறார். தாயோ கரையிலிருந்து கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். சிறு படகு, அறிந்த ஏரி, எட்டும் தொலைவில் கரை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததனாலேயே அந்த இசைவு பொறுப்பின்மை ஆகாமல் நம்பிக்கை ஆயிற்று.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஸ்வாலோடேல்’ நாவலில் இந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளாகிறது. காற்று வலுத்தும் பாயைச் சுருக்காமல் செலுத்தியதால் படகு பாறையில் மோதி மூழ்குகிறது. பிள்ளைகள் நீந்திக் கரையேறுகின்றனர். படகு மேலே எடுக்கப்பட்டுப் பழுது பார்க்கப்படுகிறது. பாடம் கடுமையானதே, ஆயினும் விலை உயிரன்று. 1937இல் வந்த ‘வீ டிடின்ட் மீன் டு கோ டு சீ’ நாவலிலோ அதே பிள்ளைகள் பெரிய படகொன்றில் இருக்கின்றனர். உடையவர் கரைக்குச் சென்றிருந்த வேளையில், மூடுபனியில், ஏறும் நீரில் நங்கூரம் பிடிவிட, படகு அவர்களை வடகடலின் குறுக்கே ஆலந்துவரை கொண்டு செல்கிறது. அவர்கள் பிழைத்தது திறமையாலும் நற்பேற்றாலும். இவ்விரு விபத்துகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோருக்குத் தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. பிழை நேராத படகு என்பது எங்கும் இல்லை. பிழை நேர்ந்தால் கரைக்கு நீந்திவிடக்கூடிய தொலைவில் வைத்திருக்கும் படகே பிள்ளைகளுக்கு உரியது.

ஆயினும் முதற்படகு வாங்கும் பெற்றோர் பலரின் மனம் நாடுவது பெரியதையே. படுக்க அறை, சமைக்க அடுப்பு, தொலைதூரத் தீவு என்று கனவு விரிகிறது. பெரிய படகுக்கு நிறுத்துமிடம் வேண்டும். ஆண்டுதோறும் கட்டணமும் பராமரிப்பும் வேண்டும். நீரில் இறக்கவே அரைநாள் ஆகுமாயின், அது ஆண்டில் சில நாள்களே நீரைக் காணும். எஞ்சிய நாள்களில் அது படகன்று, கடன். ஆகவே படகின் மதிப்பை அதன் நீளத்தால் அளப்பதைவிட, அது எத்தனை முறை நீரில் இறங்குகிறது என்பதனால் அளப்பதே பொருந்தும்.

இவ்வுண்மையை உணர்ந்து செய்யப்பெற்ற படகு ஒன்று 1963 சனவரியில் இலண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. ‘டெய்லி மிரர்’ நாளேட்டின் ஆதரவில் உருவானதால் அதன் பெயரும் ‘மிரர்’ என்றே அமைந்தது. வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் படகு வடிவமைப்பில் தேர்ந்த ஜாக் ஹோல்ட். மற்றவர் வீட்டுப் பணிகளைத் தாமே செய்துகொள்ளத் தொலைக்காட்சி வழியே மக்களுக்குக் கற்பித்த பேரி பக்னெல். வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினால் ஒட்டிவிட்டால் படகு உருவாகிவிடும். தச்சுத் தொழில் அறியாத குடும்பமும் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடிக்கலாம். தொகுப்பின் விலை அந்நாளில் 63 பவுன் 11 ஷில்லிங். நாளேட்டின் நிறத்தை நினைவூட்டும் சிவப்புப் பாய்கள் அதன் அடையாளம் ஆயின. இதுவரை 70,000க்கு மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பெற்றுள்ளன.

அதன் அளவுகளில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது எனலாம். நீளம் 3.3 மீட்டர். உடலின் எடை ஏறத்தாழ 45 கிலோ. ஆதலால் பெரியவர் இருவர் தூக்கி மகிழுந்தின் கூரைமேல் வைத்துவிடலாம். பாய்மரம் குட்டையானது, பாயின் மேற்பகுதியைத் தாங்கும் தனி மரம் ஒன்று அதன்மேல் ஏறி நிற்கும். அதனால் மரங்கள் அனைத்தும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கூர்மையற்ற தட்டையான முன்பக்கம் அழகைச் சற்றுக் குறைத்தாலும், உள்ளே இடத்தைப் பெருக்குகிறது. பெரியவர் ஒருவரும் சிறுவர் இருவரும் அமரலாம். காற்று நின்றால் துடுப்பு வலிக்கலாம். பக்கங்களில் அடைத்துக் கட்டிய காற்றறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. தந்தை சுக்கான் பிடிக்க முன்னே அமர்ந்து சிறு பாயின் கயிற்றைப் பிடிக்கும் பிள்ளை, சில ஆண்டுகளில் தந்தையைக் கரையில் நிறுத்திவிட்டுத் தானே சுக்கானைப் பற்றுகிறது. படகு மாறுவதில்லை, இருக்கைகள் மட்டுமே மாறுகின்றன.

பிற படகுகளையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் 1947இல் வடிவமைத்த ‘ஆப்டிமிஸ்ட்’ 2.3 மீட்டர் நீளமே உடையது. ஒரு பிள்ளை தனியே செலுத்திப் பழக அதனினும் ஏற்ற படகு அரிது. ஆயின் அதில் குடும்பம் ஒன்றாகச் செல்ல இயலாது. பெற்றோர் கரையில் நிற்பவராகிவிடுகின்றனர். இயன் புரோக்டர் 1957இல் வடிவமைத்த ‘வேஃபேரர்’ 4.8 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 170 கிலோ எடையும் கொண்டது. நால்வர் வசதியாக அமரலாம். ஆனால் தூக்கிச் செல்ல முடியாது, இழுத்துச் செல்லத் தனி வண்டி வேண்டும். பிராங்க் டை அப்படகிலேயே 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐசுலாந்துக்குச் சென்றார். மறு ஆண்டு நார்வேக்குச் செல்லும் வழியில் புயலில் பலமுறை கவிழ்ந்து, பாய்மரம் முறிந்து, துணைவருடன் உயிர் தப்பினார். அது அம்மனிதரின் ஆற்றலுக்குச் சான்று; குடும்பத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

ஜான் வாட்கின்சனின் ‘டிராஸ்கோம் லக்கர்’ படகில் குறிக்கத்தக்க நற்பண்பு ஒன்று உண்டு. பெரும்பாலான படகுகளில் பெரும்பாயின் அடிவிளிம்பைக் குறுக்கு மரம் ஒன்று தாங்கும். காற்று பின்னிருந்து பக்கம் மாறும்போது அம்மரம் விசையோடு வீசித் திரும்பும். குனியத் தவறிய தலை அடிபடும். லக்கரின் பெரும்பாயில் அம்மரமே இல்லை. கைக்குழந்தை உள்ள குடும்பம், விலையும் எடையும் இடர்ப்பாடாகாத நிலையில், இதை எண்ணிப் பார்க்கலாம்.

இரட்டை உடற்படகைக் கருதுவோரும் உளர். அதற்கு ஆங்கிலம் வழங்கும் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் தமிழின் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து சென்றது. சொல் நம்முடையது, பொருள் வேறு. தமிழ்க் கடற்கரையின் கட்டுமரம் மரங்களை இறுகக் கட்டிய மிதவை. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்போ பசிபிக் தீவினரின் மரபைச் சார்ந்தது. அவ்வகையில் 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய படகுகள் விரைவுக்குப் பேர் பெற்றவை. விரைவு இளைஞருக்கு இன்பம். கவிழ்ந்தால் நிமிர்த்தப் போதிய உடல் எடை வேண்டும் என்பதால், சிறு பிள்ளைகளோடு செல்வோர்க்கு அது முதற்படகு ஆகாது.

எப்படகாயினும் வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள. அமைதியான, ஆழம் குறைந்த நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, தாயும் தந்தையும் தனித்தனியே நிமிர்த்திப் பார்த்தல் வேண்டும். பாயைச் சுருக்கும் வசதி உண்டா என்று காணல் வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பழைய மரப்படகாயின் மூலைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். பலகை நெகிழ்ந்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். உயிர்காப்புச் சட்டை ஒவ்வொருவர் உடலுக்கும் பொருந்துதல் வேண்டும். வளரும் பிள்ளைக்கென்று பெரிதாக வாங்கிய சட்டை நீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

இவை யாவற்றினும் முதன்மையானது, கடைசிப் பிள்ளையின் முதல் ஆண்டு. குளிரில் நடுங்கி, பெற்றோரின் கூச்சலைக் கேட்டு, படகு சாயும்போது கதறிய பிள்ளை மறு ஆண்டு கரையிலேயே நின்றுவிடும். அதன் பின் அவ்வீட்டில் படகு இருக்கும்; படகோட்டம் இராது. மாறாக, மெல்லிய காற்றில் அரைமணி நேரம் சென்று, இன்னும் வேண்டும் என்று கேட்கும் நிலையிலேயே கரை திரும்பிய பிள்ளை வாழ்நாள் முழுவதும் நீரை நாடும். அப்பிள்ளையின் கைக்குக் கயிறு அடங்குமா, அதன் வலிமைக்குச் சுக்கான் இணங்குமா என்று பார்த்து வாங்கும் படகே குடும்பத்தின் படகு.

சிறிய படகு சிறிய வாழ்வைத் தரும் என்று எண்ண வேண்டுவதில்லை. ஏ.ஜே. மெக்கின்னன் என்னும் ஆசிரியர் 1997இல் இங்கிலாந்தின் சுரோப்சயரில் ஒரு மிரர் படகில் புறப்பட்டார். ஆறுகளும் கால்வாய்களும் ஆங்கிலக் கால்வாய்க் கடலும் கடந்து, இறுதியில் தன்யூபு வழியே கருங்கடலை அடைந்தார். அப்பயணத்தை அவர் எழுதிய நூல் 2002இல் வெளிவந்தது. பிள்ளைகள் அமர்ந்து பழகும் அதே 3.3 மீட்டர்ப் படகுதான் அது.

பத்தாண்டுகள் இடையறாது கூடிவந்துள்ள ஒரு சிறு வட்டத்திற்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரிய கலத்திற்காகக் கரையில் காத்திருந்தோரினும், சிறிய படகை அடிக்கடி நீரில் இறக்கியோரே நீரை அறிந்தனர்.