இறந்தவருக்கு வந்த காசோலை

2020இல் கொரோனா நிவாரணமாக அமெரிக்க அரசு குடிமக்களுக்குப் பணம் அனுப்பியது. அவசரம். ஏப்ரல் முடிவதற்குள் ஏறத்தாழ 11 லட்சம் கொடுப்பனவுகள், சுமார் 140 கோடி டாலர், இறந்துபோனவர்களின் பெயருக்குப் போய்விட்டன. கண்டுபிடித்துச் சொன்னது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு.

இறந்தவர்களின் முழுப் பட்டியல் சமூகப் பாதுகாப்புத் துறையிடம் இருந்தது. ஆனால் பணத்தை அனுப்பும் கருவூலப் பிரிவுக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை! ஒரே அரசு, இரண்டு அலுவலகங்கள், நடுவில் ஒரு சுவர். பிறகு நாடாளுமன்றம் மூன்றாண்டுகளுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது. முதல் ஐந்து மாதங்களிலேயே 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் தடுக்கவும் மீட்கவும் முடிந்தது.

இப்படித் தவறிப்போகும் பணத்தைத் தவறான கொடுப்பனவு என்கிறார்கள். அது எல்லாமே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். அதிகமாகக் கொடுத்ததும், குறைவாகக் கொடுத்ததும், சரியான ஆவணம் இல்லாமல் கொடுத்ததும் அந்தக் கணக்கில் சேரும். 2023 நிதியாண்டில் மட்டும் இத்தகைய கொடுப்பனவுகள் 23,600 கோடி டாலர் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மதிப்பீடு. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் துறைகளை ஆண்டுதோறும் இப்படி மதிப்பிட வைத்தது.

எனக்கு ஒரு கவலையும் உண்டு. உயிரோடு இருப்பவரின் பெயர் இறந்தவர்களின் பட்டியலில் ஏறிவிடுவதும் அங்கே நடக்கிறது. ஓய்வூதியம் நின்றுபோன முதியவர், அடையாள அட்டையோடு அலுவலகம் போய், தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலைப் பார்த்துப் பணத்தை நிறுத்துங்கள். நிறுத்தும் முன் அவருக்கு ஒரு கடிதமாவது போடுங்கள்.