நம் பின்கோடு 624101: ஒரு சின்னக் கணக்கு



கடிதத்திலும் பார்சலிலும் எழுதும் நம் கொடைக்கானல் பின்கோடு 624101-ஐ ஒருமுறை எண்ணாக மட்டும் பாருங்கள். 790-ஐ 790-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இதே எண்!

பகா எண்ணாக இருக்குமோ என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். இரு காரணிகளில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. ஆகவே 790 வரை தேடினால் போதும். 5, 13, 17 என்று வகுத்துக்கொண்டே போனேன், 281-இல் சிக்கியது. 281 × 2221. இரண்டுமே பகா எண்கள்.

இன்னொரு வேடிக்கை: 650-இன் வர்க்கத்தோடு 449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் 624101. இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு வழிகள்! இராமானுஜனின் 1729 இரு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் வருமே, அதற்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். (பின்கோடு வந்த 1972-இல் அஞ்சல் துறை இதை யோசித்திருக்காது.)

பெருக்குவது நொடி வேலை, பிரிப்பதற்கு எனக்கு ஒரு மாலை போயிற்று. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 1977-இல் ஆர்.எஸ்.ஏ. என்னும் பூட்டைச் செய்தார்கள். இன்று அதில் பயன்படும் எண்களுக்கு 617 இலக்கம். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கவே ஏராளமான கணினிகள் தேவைப்பட்டன.

"போனில் பணம் அனுப்பலாமா?" என்று கேட்கும் பெரியவர்களே, திருடன் இந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்களிடமே ஓ.டி.பி. கேட்டு வாங்கிக்கொள்கிறான். வங்கியின் பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.